குடையப்பனின் சாவும் மாப்பிள்ளையின் கார்டும்

போன செவ்வாய்க்கிழமை கீரனூர் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் வீட்டு வாசலில் இறங்கி, "உங்க மாப்பிள்ளை திருச்சி ஆஸ்பத்திரியில தவறிட்டாருங்க" என்றார். என் தங்கை சவரியம்மாளின் கணவர் அருளப்பனைத்தான் சொன்னார். வாரப் பத்திரிகையில் குடையப்பன் சித்திரக்கதை வரைந்தவர் அவர்தான். சொந்தக்காரர்களுக்குக் கார்டு எழுதி, நாலு ஓரத்திலும் கறுப்பு மை தடவினேன். முதியோர் வகுப்பில் இந்த வருஷம்தான் எழுதக் கற்றேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது.

மாப்பிள்ளை ஆவூர்க்காரர். சுதந்திரம் வந்த மறு வருஷம் சென்னைக்குப் போனார். குடையப்பன் பிரபலமான பிறகு லீவு என்பதே இல்லை. கல்யாணத்தன்று கோட்டு மாட்டிக்கொண்டே படத்தை முடித்துத் தபாலில் போட்டார். தங்கை எங்களோடு இருந்தாள். எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்தவர் யாருமில்லை. தபால்காரர்தான் எழுதித் தருவார். "நீங்க தாலி கட்டினது எனக்கா, குடையப்பனுக்கா?" என்று கேட்டு எழுதச் சொன்னாள். பதிலில் வெறும் படம்தான் வந்தது. மடக்கிய குடைக்குள் மாப்பிள்ளை மாட்டிக்கொண்டு கை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார்.

ஒரு மழைக்காலத்தில் கதையில் குடையப்பனைக் கடலில் மூழ்கடித்துவிட்டார். அதே வாரம் எங்களுக்கு ஒரு கார்டு வந்தது. ஓரமெல்லாம் கறுப்பு மை. தபால்காரருக்குக் காய்ச்சல், மாற்று ஆள் போட்டுவிட்டுப் போய்விட்டார். மை தடவிய கார்டில் படிக்க என்ன இருக்கிறது? தாயார் மாரில் அடித்துக்கொண்டார். தங்கை தாலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். கோயிலில் துக்க மணியும் அடித்தாகிவிட்டது. சாவுக் கார்டை வீட்டில் வைக்கக் கூடாது என்ற வழக்கப்படி அதைக் கிழிக்கப் போனேன். பங்குச் சாமியார் வாங்கிப் படித்தார்: "குடையப்பன் காலமானான். இனி நான் ஊருக்கு வாரேன். துக்கத்துக்குக் கோழி அடித்து வைக்கவும்."

"கோழி எங்கிட்டு?" என்றார் சாமியார்.

"அவரு வரட்டும், மொதல்ல அவரத்தான் அடிக்கணும்" என்றார் தாயார்.

கோழி அடித்தோம். மாப்பிள்ளை வரவில்லை. வாசகர் கடிதங்கள் மூட்டையாக வந்து விழ, பத்திரிகை முதலாளி குடையப்பனை எழுப்பச் சொல்லிவிட்டார். "செத்தவனே கரையேறிட்டான் மச்சான். நான்தான் உள்ளே கிடக்கிறேன்" என்று மாப்பிள்ளை எழுதினார்.

அப்புறமும் ஒவ்வொரு வாசகருக்கும் தன் கையாலேயே பதில் போட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு எப்படியோ வந்திருந்தபோது, "அவுகள நாலு திட்டுத் திட்டி எழுதுங்களேன் மாப்பிள்ளை" என்றேன்.

"எப்படித் திட்டுறது? பிரியமால்ல கேக்குறாங்க, மச்சான்."

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அட்டையை நெஞ்சில் வைத்து வரைந்துகொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் நடந்த அடக்கத்துக்கு ஜெகதாப்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவர், பல வருஷம் முன்பு மாப்பிள்ளை தனக்கு எழுதிய கார்டோடு வந்தார். நானே வாங்கி வாய்விட்டுப் படித்தேன்: "பாய், குடையப்பனைக் காப்பாற்றச் சொன்னீர்கள். காப்பாற்றிவிட்டேன். எனக்காகவும் யாரிடமாவது சிபாரிசு செய்யுங்கள்."

"வெளையாட்டுனு நெனச்சு சிரிச்சிட்டு மடிச்சு வச்சிட்டேங்க" என்றார் அவர்.

நேற்று புதுப் பத்திரிகை வந்தது. வேறு யாரோ வரைந்த குடையப்பன் மழையில் ஓடுகிறான். தங்கை பார்த்துவிட்டு, "அவன் ஓடட்டும். இவரு இங்கிட்டு வந்துட்டாருல்ல" என்றாள்.

படுத்திருங்கள், மாப்பிள்ளை. இந்த வாரம் உங்களை யாரும் கேட்கவில்லை.