ஒன்றிலிருந்து ஒன்பது வரை

பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு புது நிர்வாகம் எழுத்தர் வேலைக்கு ஆள் எடுத்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது கிடைக்காது என்பதே ஊரின் கணிப்பு. நேர்காணலில், சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி கரும்பலகையைக் காட்டினார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒவ்வோர் இலக்கத்தையும் ஒரே முறை வைத்து, ஒன்பது இலக்கப் பகா எண் ஒன்றை எழுத வேண்டும். எனக்கு முன்னே போனவர்கள் வகுத்து வகுத்துத் தவித்தது பலகையில் பாதி அழிந்து கிடந்தது.

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன். “முடியாதுங்க ஐயா.”

“கையே வைக்காம முடியாதுன்னா? கவர்மெண்ட் வேலைக்கு இப்பவே பழகிட்டீங்களா தம்பி?”

“எப்படி மாத்திப் போட்டாலும் இலக்கத்தக் கூட்டுனா நாப்பத்தஞ்சுதாங்க வரும். அப்போ எல்லாமே ஒம்பதால வகுபட்டுடும்.”

எங்கள் பள்ளியில் எந்தக் கணக்கையும், இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்து மீதியை ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் வாத்தியாரிடம் நீட்டக்கூடாது. நீட்டினால் நோட்டு முகத்தில் வந்து விழும். அந்தப் பழக்கம்தான் பேசியது. அதிகாரி பலகையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வேலை எனக்குத்தான் கிடைத்தது.

அதன் பின் எத்தனையோ மனுக்களில் ‘இயலாது’ என்று எழுதியிருக்கிறேன். காரணம் எழுதாமல் ஒன்றுகூட இல்லை.