கட்டில் மாறிய தும்பி

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த பவளம், பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் அட்டெண்டனாக இருந்தாள். வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அப்பாவை நம்பர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள். நோயாளியைக் கட்டில் நம்பரால் யாராவது கூப்பிட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மருந்தோடு வார்ட்டு வாசலில் நின்று பெயரைத்தான் கூப்பிடுவாள். எங்கிருந்தோ ஒரு கை நீளும்.

2007இல் அவள் வீட்டில் ஒரு ரவுட்டர் வழியாக இணைத்த இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மாடியில் இருந்தது மகள் தாரணியுடையது. கீழே பிரிண்டரோடு இருந்ததற்குத் தாரணி ‘தும்பி’ என்று பெயர் வைத்திருந்தாள். ஒரு மழைப் பகலில் கரண்ட் போய் வந்தபின், தாரணி பிரிண்ட் எடுக்க மாடிக் கம்ப்யூட்டரிலிருந்து தேடினால் தும்பியைக் காணவில்லை.

"ரவுட்டர் அதுக்குப் புது நம்பர் குடுத்திருச்சும்மா. இனி அந்த நம்பரையே அடிக்கிறேன்."

"நாளைக்கும் கரண்ட் போகும்டி. பேரச் சொல்லிக் கூப்பிட்டா என்ன?"

"தும்பின்னா பழைய நம்பருக்கே போகுது. நான்தான் முந்தி என் கம்ப்யூட்டர்ல அப்படி எழுதி வச்சேன்."

"கட்டில் மாறின ஆளப் பழைய கட்டில்ல தேடுனா எப்படி? அழிச்சிடு அத!"

தாரணி அழித்தாள். இனி அவளுடைய கம்ப்யூட்டர், தும்பி எங்கே என்று வீடு முழுக்கக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

தாரணி மறுபடி பிரிண்ட் கொடுக்க, பவளம் கீழே இறங்கினாள். ஜன்னல் வழியே வந்த மூடுபனி படிகளில் மிதந்தது. ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெயர் பனிக்குள் மெல்ல இறங்கி வருவதுபோல் இருந்தது.

அவள் பக்கத்தில் பிரிண்டர் முனகியது. அதிலிருந்து ஒரு தாள் நீண்டது.