தையல்நாயகி மேடமும் கருப்பர் அரிவாளும்

தையல்நாயகி மேடம் போய்விட்டார் என்று தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. பழைய படம் ஒன்றைப் போட்டு, பெயரைத் தப்பாக எழுதி, கீழே ஒரு மலர்வளையம் ஒட்டியிருந்தார்கள். இந்தக் காலத்தில் உயிரோடு இருப்பவர்களுக்கே அஞ்சலி போட்டுவிடுகிறார்கள். மேடத்தின் எண்ணுக்கே போன் செய்தேன். எடுத்தது அவர் தங்கை. "நெசந்தாங்க. காபி போடப் போனவ அப்படியே உக்காந்துட்டா. வாங்க," என்றார். அதற்குப் பிறகும் கறம்பக்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு, இதில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதையும் சட்டென்று நம்பாதவர்களை மேடத்துக்குப் பிடிக்கும். அவர் இருந்திருந்தால் என்னை மெச்சியிருப்பார்.

உங்களில் பலர் அவரைக் கீரமங்கலத்தில் டியூஷன் எடுத்த டீச்சராக அறிந்திருப்பீர்கள். கணவர் ஜப்பானில் வேலை பார்த்த வருடங்களில் மேடம் அந்த மொழியைக் கற்றுக்கொண்டார். கணவர் காலமானபின் ஊருக்குத் திரும்பி, ஜப்பானியத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதினார். அவர் மொழிபெயர்ப்பார், நான் தமிழைச் சீர்செய்வேன். எங்களுக்கு வந்ததெல்லாம் சாமுராய் கதைகள்தான்.

முதல் தொடரிலேயே எங்களுக்குள் சண்டை வந்தது. கம்பு நுனியில் இரும்பு இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஈட்டி என்று போட்டுவிடுவேன். மேடம் போன் செய்தார்.

"சார், அந்தாளு கையில இருக்கிறது குத்துறதுக்கா, வெட்டுறதுக்கா, இழுத்துக் கவுக்கிறதுக்கா?"

"பாக்கிறவனுக்கு என்ன மேடம், அடுத்த செகண்டு காட்சி மாறிரும்."

"செத்துப் போறவனுக்கு வித்தியாசம் இருக்கும்ல?"

அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னது இது. குத்துவதற்கான நேர் முனை உள்ளது யாரி. அதை ஈட்டி என்று எழுதிக்கொள்ள அனுமதித்தார். பக்கவாட்டில் அரிவாள் மூக்கு முளைத்திருந்தால் அது கமயாரி, எதிரியின் காலை மாட்டி இழுப்பதற்கு. கொக்கி ஈட்டி என்றேன், அரை மனதோடு ஒப்புக்கொண்டார். நீளக் கம்பின் நுனியில் வளைந்த வாள் போலிருப்பது நகினாத்தா, வீசி வெட்டுவது. அதற்குத் தமிழ்ப் பெயர் வைக்க மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை. கம்பரிவாள் என்றேன், நெடுங்கத்தி என்றேன். "கிட்டத்துல வருது சார். ஆனா எனக்கு சந்தேகமா இருக்கு," என்பார். கடைசி வரைக்கும் எங்கள் தொடர்களில் நகினாத்தா நகினாத்தாவாகவே இருந்தது.

சந்தேகம் அவருக்கு உடம்போடு வந்தது. பஸ் போர்டை நம்பாமல் கண்டக்டரிடம் கேட்பார், கண்டக்டரை நம்பாமல் பக்கத்து சீட்டில் கேட்பார். ஆயுதங்களிலும் அப்படித்தான். "மேல பளபளன்னு இருக்கிறத யாரு வேணும்னாலும் செய்யலாம். அடியப் பாக்காம பேரு சொல்லாதீங்க," என்று எனக்கு அலுக்கும்வரை சொல்லியிருக்கிறார். நம் ஊர் ஈட்டிக்கு இரும்பின் அடியில் குழல் இருக்கும், கம்பு அதற்குள் போகும். ஜப்பானில் பெரும்பாலும் தலைகீழ். இரும்பின் அடி நீண்ட காம்பாகக் கம்புக்குள் இறங்கும், நம் அரிவாளின் காம்பு மரப்பிடிக்குள் இறங்குவதுபோல. அந்தக் காம்புக்கு நகாகோ என்று பெயர். செய்த கொல்லன் தன் பெயரை அதில்தான் வெட்டுவான். அதில் படிந்த துருவை யாரும் தொடமாட்டார்கள், ஏனென்றால் வயதைச் சொல்வதே அந்தத் துருதான். ஒருமுறை யாரோ பழைய நகாகோ ஒன்றைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கிக் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, மேடம் அன்றைக்கு வேலையே செய்யவில்லை. "கொலைகாரன்," என்றார், அவ்வளவுதான்.

இனி நான் சொல்லப்போவதில் கொஞ்சம் மறைப்பேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டுக்குள் ஒரு கருப்பர் கோவில். ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். பூசாரி வீரப்பன் என்று எழுதுகிறேன், அது அவர் பெயரல்ல. அந்தக் கருப்பர் கையில் ஆளுயரத்தைத் தாண்டிய கம்பும், அதன் நுனியில் வளைந்த அரிவாளும் உண்டு. யுத்தம் முடிந்து மலேயாவிலிருந்து திரும்பிய ஒருவர் கொண்டுவந்து சாத்தியது என்று சிலர் சொல்வார்கள். குளம் வெட்டும்போது சாமியே கொடுத்தது என்று மற்றவர்கள் சொல்வார்கள். பழம்பொருள் சேர்க்கிற திருச்சிக்காரர் ஒருவர் (திருச்சி என்பதையும் நம்ப வேண்டாம்) அதைப் பார்த்துவிட்டு, இது ஜப்பான்காரர்களின் நகினாத்தா என்று ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னார். சாமிக்கு வெள்ளியில் புது அரிவாள் செய்து தருகிறேன், கோவிலையும் எடுத்துக் கட்டித் தருகிறேன், இதை எனக்குக் கொடுங்கள் என்றார். பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெளிநாட்டு ஆயுதம் என்று ருசுவானால் கொடுத்துவிடுவது, இல்லாவிட்டால் கருப்பர் பொருளை யாரும் தொடக்கூடாது. ருசு சொல்ல ஆள் தேடியவர் எப்படியோ மேடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

கார் அனுப்புகிறேன் என்றாராம். மேடம் மறுத்துவிட்டு என் டூவீலரில்தான் வந்தார். ஆனால் முந்தின நாள் அந்த மனிதரோடு வெகுநேரம் போனில் பேசியதை அவரே சொன்னார். என்ன பேசினீர்கள் என்றேன். "நல்லா விவரமான ஆளு சார்," என்றார். எனக்கு அங்கேயே உறுத்த ஆரம்பித்தது.

திருவிழாவுக்கு முன்னால் கம்பு மாற்றும்போது மட்டும்தான் அந்த இரும்பைக் கழற்றுவார்கள். நாங்கள் போனது அந்த நாளில். சுற்றிலும் கயிறு கட்டியிருந்தது. உள்ளே பூசாரியைத் தவிர யாரும் போகக்கூடாது. மேடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் முந்திரி மரத்தடியில் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் குந்தியிருந்த வீரப்பனிடம் ஏதோ கேட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னை இளநீர் குடிக்க அங்கிட்டு அழைத்துப் போய்விட்டார். திரும்பி வந்தபோது மேடம் கருப்பருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றார். கண் கலங்கியிருந்ததுபோல் இருந்தது. சாம்பிராணிப் புகை என்று நினைத்தேன்.

அங்கிருந்தே திருச்சிக்காரருக்குப் போன் செய்தார். எனக்கும் கேட்டது.

"நகினாத்தாதானே மேடம்?"

"அடிக்காம்ப நான் பாக்கலைங்க. பாக்காம பேரு சொல்ல மாட்டேன்."

"வளைவப் பாத்தாலே தெரியுமே?"

"வளைவு நம்ம அருவாளுக்கும் இருக்குங்க."

திருச்சிக்காரர் விடவில்லை. அடுத்த வாரமே வெளியூரிலிருந்து ஒரு நிபுணரைக் கூட்டிவந்தார். பெரியவர்கள் இந்த ஒருமுறைக்கு மட்டும் சம்மதித்து, இரும்பைக் கழற்றி வெளியே கொண்டுவந்து காட்டினார்கள். காம்பு புதுச் சில்வர் பாத்திரம்போல் மின்னியதாம். துருவுமில்லை, எழுத்துமில்லை. இதை வைத்து எதையும் ருசுப்படுத்த முடியாது என்று நிபுணர் கையை விரித்துவிட்டார். அரிவாள் கருப்பரிடமே நின்றது. திருச்சிக்காரர் எனக்குப் போன் செய்து, "அந்தம்மா என்னமோ பண்ணிருக்காங்க. கேட்டுச் சொல்லுங்க," என்றார்.

எனக்கும் அதுதான் சந்தேகம், ஆனால் வேறு மாதிரி. எழுத்தை இவர் மட்டும் படித்து வைத்துக்கொண்டு, பிறகு அதைத் தேய்க்க வைத்துவிட்டாரோ? நாளைக்கு வேறொரு பெரிய இடத்தில் இதைச் சொல்லிப் பேர் வாங்கப் போகிறாரோ? நேராகவே கேட்டேன். "அவுங்க சாமி, அவுங்க அருவா, அவுங்க வெளக்குறாங்க. நமக்கென்ன சார்?" என்று சொல்லிவிட்டு, பாக்கி இருந்த எபிசோடுக்குத் தாவிவிட்டார். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. அதன்பிறகு எங்கள் பேச்சில் வேலையைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. மேடம் அதைக் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

கீரமங்கலத்தில் இறங்கி வீட்டுக்குப் போனபோது பந்தலுக்கு வெளியே வீரப்பன் நின்றிருந்தார், கையில் கருப்பர் திருநீறு. இவ்வளவு தூரம் இவர் ஏன் வந்தார் என்று எனக்கு உடனே தோன்றியது. தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தம்மா கயித்துக்கு அங்கிட்டு நின்னுக்கிட்டு, உள்ள போற காம்புல எழுத்து ஏதும் தெரியுதா பாருங்கய்யான்னுச்சு. கோழி கிண்டுன மாதிரி வெட்டிருக்குன்னேன். போன்ல போட்டோ எடுத்துக் காட்டவாம்மான்னேன். வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கிச்சு. நான் பாத்துட்டா, கேக்குறவங்ககிட்ட இல்லன்னு சொல்ல எனக்கு வராதுய்யான்னுச்சு. நான் போனப்பறம் அரம் போட்டு இழைச்சு, புளி போட்டு வெளக்கிருங்கன்னுச்சு. அப்பறம் இங்கிட்டுத் திரும்பவே இல்லைங்க."

ஆயுளெல்லாம் அடியைப் பார் அடியைப் பார் என்று சொன்னவர், கையெட்டும் தூரத்தில் கிடைத்த ஒரே ஒரு அடியைப் பார்க்காமல் நின்றிருக்கிறார். எந்த வேலைக்குக் கொலைகாரன் என்று ஒருவனைத் திட்டினாரோ, அதே வேலையைச் செய்யவும் சொல்லியிருக்கிறார். எங்கோ ஒரு கொல்லன் வெட்டிய பெயர் புளித்தண்ணீரோடு போய்விட்டது. அது சரிதானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் கோபம் இருக்கிறது. அவரைச் சந்தேகப்பட்டதற்கு நான் வருந்தவும் இல்லை, அந்தப் பழக்கம் அவரிடமிருந்தே ஒட்டிக்கொண்டது. அழுகை வந்தது, அழுதேன்.

வீரப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"இழைக்கிறதுக்கு முந்தி நானா ஒன்னு எடுத்து வச்சேங்க. அந்தம்மாவுக்குத் தெரியாது. நீங்களும் அந்த எழுத்தெல்லாம் பாத்துப் பழகுன ஆளுதான. என்னன்னு சொல்லுங்க, மனசு அரிக்குது."

எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பது மேடத்தோடு பழகிய உங்களுக்குப் புரியும். கை நீண்டுவிட்டது. வெளிச்சம் படுகிற மாதிரி அவர் போனைச் சாய்த்தும் விட்டார். "அழிச்சிருங்க," என்று சொல்லிவிட்டு, மேடத்தைக் கிடத்தியிருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அவர் அழித்தாரா என்று எனக்குத் தெரியாது.

திருச்சிக்காரர் இதையும் படிப்பார். பூசாரி சொன்னதாக நான் எழுதியதெல்லாம் கேள்விப்பட்டதுதான், ருசுவாகாது. அவர் எனக்குப் போன் செய்தால், தையல்நாயகி மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்ட ஒன்றைத்தான் அவருக்குத் தரப்போகிறேன். அது பொய்யும் இல்லை.

"நான் பாக்கலைங்க."