உடைக்காமல் வைத்த நாலு கடிதங்கள்

பிறத்தியாருக்கு வந்த கடிதத்தை உடைத்துப் பார்க்கிறவள் இல்லை நான். அதை ஒரு பெருமையாக வேறு வைத்திருந்தேன். அந்தப் பெருமையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்பது பேச்சுக்குத்தான். வாடகை, மின்சாரம் எல்லாம் எங்களுக்கு முன்பு அங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவரின் பேரில். மெல்பேர்னில் வேலை கிடைத்துப் போனபோது சாவியை என் கையில் தந்து, "எனக்குக் கடிதம் ஏதும் வந்தால் எடுத்து வையுங்கோ தங்கச்சி, வரேக்கை எடுக்கிறன்" என்றார். பேரை மாற்றுவோமா என்று என் கணவரிடம் கேட்டேன்.

"மாத்தப் போனால் விசாவைக் கேப்பினம். பேசாமல் இரும்" என்றார் இவர்.

படகில் வந்தவர்கள் நாங்கள். பேசாமல் இருந்தே இவ்வளவு காலமும் தப்பியவர்கள். அதனால் நானும் பேசாமல் இருந்தேன்.

பிறகு இவருக்கு நுரையீரல் பழுதாகியது. வீட்டிலேயே ஒட்சிசன் மெஷின் தந்தார்கள். மின்சாரத்தில் ஓடுவது. குசினியில் நின்றாலும் அதன் உறுமல் கேட்கும், கேட்டால்தான் எனக்கு வேலை ஓடும். இந்த வீட்டில் கரண்ட் நின்றால் ஒரு ஆளின் மூச்சு நிற்கும் என்று ஆஸ்பத்திரித் தாதிதான் மின்சாரக் கம்பெனியில் பதிந்துவிட்டாள். அதற்குப் பேர் மாற்றத் தேவையில்லையாம். அதன் பிறகு தெருவில் வயர் மாற்றுவதென்றாலும் சில நாளுக்கு முன்பே என் போனுக்குச் செய்தி வந்துவிடும்.

அந்த வருடம் தடித்த கடிதங்கள் வரத் தொடங்கின. எங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழு அனுப்பியவை. மேலே மெல்பேர்ன்காரரின் பேர். ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று, கடைசியில் நாலு. கடைப் பை ஒன்றில் போட்டு பிரிட்ஜின் மேல் வைத்தேன். தூசி படக்கூடாதென்று பையின் வாயை முடிந்தும் வைத்தேன். என்ன ஒரு கெட்டித்தனம்!

வெயில் கொளுத்திய ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஃபேன் நின்றது. மெஷின் கீச்சிட்டுக் கத்தியது. போனைப் பார்த்தேன். ஒரு செய்தியும் இல்லை.

அவசரத்துக்கென்று ஒரு ஒட்சிசன் சிலிண்டர் இருந்தது. அதைப் பூட்டினேன். அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. போன வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் கோயிலுக்கு அதைத்தான் கொண்டுபோனோம். களைக்குது, போவம் என்று இவர் சொல்லச் சொல்ல, தீபாராதனை பார்த்துவிட்டுப் போவோம் என்று மறித்து வைத்தவள் நான். புதுச் சிலிண்டருக்குச் சொல்லவும் மறந்துபோனேன். முருகனிடம் இவருக்கு மூச்சுக் கேட்கப் போய், கையிலிருந்த மூச்சையும் அங்கே முடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

"பயப்பிடாதையும். இப்ப வந்திடும்" என்றார் இவர். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

லிஃப்ட் இல்லை. படியால் ஓடினேன். கீழே மீட்டர் அறையில் இரண்டு பேர் பழைய மீட்டர்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஹஸ்பண்ட், மெஷின், ஒக்சிஜன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கொட்டினேன். ஒருவன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான். எங்கள் வீட்டு இலக்கத்துக்கு நேரே மெஷினைப் பற்றி ஒன்றுமே இல்லை. அதைத் திருப்பி எனக்கும் காட்டினான். பாவம், அவன் முகமும் வெளிறிப் போயிற்று. திரும்பப் பூட்ட ஒரு மணித்தியாலமாவது வேண்டும் என்றான். நான் அவன் காலில் விழுந்தேன். காலில் விழுந்தால் மீட்டர் பூட்டுப்படுமா?

சத்தம் கேட்டு இரண்டாம் மாடிப் பிள்ளை இறங்கி வந்தாள். தமிழ்நாட்டுக்காரி, கம்ப்யூட்டர் வேலையை வீட்டிலிருந்து செய்பவள். அவள்தான் ஆம்புலன்ஸுக்கு அடித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும்போது கேட்டாள்.

"அக்கா, லெட்டர் வந்துச்சே, பாக்கலையா? இனிமே பில்டிங்கே எல்லா வீட்டுக்கும் சேத்து கரண்ட் வாங்கப் போகுது, வேணாம்னா எழுதிக் குடுங்க, பதில் இல்லன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்னு போட்டிருந்தாங்க. இன்னிக்கு மீட்டர் மாத்துறதும் அதுலயே இருந்துச்சு."

"பழைய கொம்பனியிலை இவரைப் பதிஞ்சிருக்கே பிள்ளை?"

"அந்த லிஸ்ட் புதுக் கம்பெனிக்குத் தானா போகாதுக்கா. நாமதான் திரும்பச் சொல்லணும்."

மௌனம் சம்மதம் என்று கலியாணப் பேச்சில்தான் கேட்டிருக்கிறேன். மூச்சுக்கும் அதுதான் சட்டம் என்று யார் கண்டது?

ஆம்புலன்ஸ்காரர் இவரைக் கதிரையில் இருத்திக் கட்டி, மூன்று மாடியும் தூக்கி இறக்கினார்கள்.

மறுநாள் இவருக்கு உடுக்கச் சாரம் எடுக்க வீட்டுக்கு வந்தபோது பையின் முடிச்சை அவிழ்த்தேன். நாலையும் உடைத்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். நாலிலும் ஒரே படிவம். அதன் நடுவில் ஒரு கேள்வி. மின்சாரத்தை நம்பி உயிர் வாழ்பவர் யாராவது இந்த வீட்டில் இருக்கிறாரா? ஓம், இல்லை என்று இரண்டு பெட்டி. கடைசிப் பக்கத்தின் அடியில் பல மொழிகளுக்கிடையே தமிழிலும் ஒரு வரி இருந்தது. உங்களுக்கு உதவி தேவையென்றால் எங்களை அழையுங்கள் என்று. குசினி நிலத்தில் குந்தியிருந்து தலையில் அடித்து அழுதேன். நாலு தரம் வந்து கேட்டிருக்கிறார்கள். நாலு தரமும் நான் வாயை முடிந்து வைத்திருக்கிறேன்.

ஓம் என்ற பெட்டியில் அடையாளம் போட்டேன். மெல்பேர்ன்காரரின் பேரை வெட்டிவிட்டு இவரின் முழுப்பேரை எழுதினேன். கீழே என் கையெழுத்து. விசாவைக் கேட்டால் கேட்கட்டும். இரண்டாம் மாடிப் பிள்ளை அதைப் படம் பிடித்துப் புதுக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள்.

"வீட்டை எப்ப போறது?" என்று இவர் தினமும் கேட்டார்.

"பதிஞ்சாச்சு. கடிதம் வந்தவுடனை போவம்" என்று நானும் தினமும் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் விடிய இவர் போய்விட்டார். அந்த ஒரு மணித்தியாலத்தால் வந்ததில்லை, நுரையீரல் ஏற்கெனவே முடிந்துபோயிருந்தது என்றார் டாக்டர். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். இரண்டு மொழியிலும் நான் நம்பவில்லை.

செத்தவீடு முடிந்து வந்த அன்று தபால் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. மேலே இவரின் முழுப்பேர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். அந்த விலாசத்துக்கு எங்கள் பேரில் வந்த முதல் கடிதம் அதுதான். படியில் நின்றபடியே உடைத்தேன். இவரைப் பதிந்துகொண்டார்களாம். இனி முன்கூட்டியே சொல்லாமல் எங்கள் வீட்டு மின்சாரத்தை நிறுத்த மாட்டார்களாம்.