வசீலாவின் குலவை

மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் வசீலா வாயில் போடுவாள். கீழே விழுந்த ரொட்டிக்கு எங்கள் ஸ்ஃபாக்ஸ் ஊரில் செய்யும் மரியாதை அது. பிறகு ரொட்டியைக் கால் படாத உயரத்தில் வைத்துவிடுவார்கள். மார்புப் புற்றுக்கட்டியை ஒரே வருடத்தில் பாதியாகச் சுருக்கிய மாத்திரைக்கும் அவள் அதையே செய்தாள். "மாப்பிள்ளை வந்துட்டாரு, சத்தம் போடாதீங்க" என்று வீட்டாரை அதட்டிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பாள்.

மணப்பெண்களுக்கு மருதாணி இடுவது தொழில். ஆனால் ஊர் அவளைத் தேடுவது குலவைக்காக. அவள் ஒரே மூச்சில் குலவையிட்டு முடிப்பதற்குள் ஒரு கோப்பை தேநீரைக் குடித்துவிடலாம். ஈனக்குரலில் குலவையிடும் பெண்களிடம், "ஏண்டி, கொசு விரட்டுறியா?" என்பாள்.

இரண்டு மாதமாக வறட்டு இருமல். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் இல்லாத விரிசலை ஆராய்வாள். கேட்டால், "சாம்பிராணிப் புகை" என்பாள். போன கல்யாணத்தில் குலவை நடுவில் அறுந்தபோது பல்செட் மேல் பழி போட்டாள். இருமலைச் சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கட்டி திரும்பிவிடும் என்ற பயம். கட்டிக்கு முன்னால் இருமல் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள், பாவம்.

நேற்று மருத்துவமனையில் டாக்டரம்மா தடவிப் பார்த்துவிட்டு, "கட்டி இன்னும் சுருங்கியிருக்கு. இருமல், மூச்சுத் தொந்தரவு உண்டா?" என்றார்.

"ஒண்ணுமில்ல, டாக்டரம்மா."

கூட வந்த தங்கை ஷத்லியா அக்காவைப் பார்த்தாள். "நல்ல சேதி சொல்றாங்க. குலவை போடாம எந்திரிக்கிற ஆளா நீ? போடுக்கா."

நல்ல செய்திக்குக் குலவையிடாமல் இருக்க வசீலாவால் முடியாது. தொடங்கினாள். மூன்று சுழற்சிதான், பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமினாள்.

அன்றே நெஞ்சைப் படம் எடுத்தார்கள். "மருந்துதான் உங்க நுரையீரல்ல அழற்சி உண்டாக்கியிருக்கு. இன்னும் மறைச்சிருந்தா உயிருக்கே ஆபத்து. இதை நிறுத்திட்டு அழற்சி அடங்க மருந்து தரேன். அப்புறம் கட்டிக்கு வேற மருந்து பார்ப்போம்," என்றார் டாக்டரம்மா.

"பாவி, காட்டிக்கொடுத்துட்டியே," என்றாள் வசீலா, தங்கையின் கையை விடாமலே.

"திட்டு. திட்டுறதுக்கு நீ வேணுமேக்கா."

மிச்ச மாத்திரைகளுக்காக டாக்டரம்மா கையை நீட்டினார். வசீலா அட்டையை முத்தமிட்டாள், நெற்றியில் ஒற்றினாள். பிறகு எழுந்து, மூச்சு வாங்க எக்கி, டாக்டரம்மாவின் அலமாரி உச்சியில் வைத்தாள்.