மிளகுக்கொடியோடு கட்டிய கேபிள்

1. சிவப்பு லைட்

மகேஸ்வரி போன் செய்தபோது நான் முள்ளுக்குறிச்சியில் ஒரு பாத்திரக் கடைக்கு இன்டர்நெட் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, மறுபடியும் சிவப்பு லைட்டுங்க. இன்னிக்கும் போச்சுன்னா என்ற வேலையும் போச்சு."

கொல்லிமலையில் ஃபைபர் கேபிள் இழுப்பதும் பழுது பார்ப்பதும்தான் ஓய்வுபெறும் வரை என் வேலை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, மழைக்காலம் ஒன்றில் பார்த்த ஒரு பழுதை எழுதுகிறேன்.

மகேஸ்வரியின் வீடு வளப்பூர் நாடு என்ற மலைக் கிராமத்தில். சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு மருத்துவமனை பில்களைச் சரிபார்க்கும் வேலை. குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே பார்த்துவந்தார். கணவர் சேகருக்கு மிளகும் மரவள்ளியும் உண்டு. ஆனாலும் குடும்பம் ஓடியது மகேஸ்வரியின் சம்பளத்தில்தான். இணைப்பு அடிக்கடி போனதால் நிறுவனம் எச்சரித்திருந்தது. இன்னொரு முறை போனால் சென்னைக்கு வந்து உட்கார வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும்.

கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை ஏற்றிப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு இணைப்புப் பெட்டியில் லைட் பச்சையாக எரிந்தது. முன்பு போனபோதும் அப்படித்தான். பெட்டியை மாற்றியிருந்தேன், கனெக்டரை மாற்றியிருந்தேன். பலன் இல்லை.

"நீங்க வந்தா மட்டும் பச்சையாயிருது. பேசாம உங்கள இங்கயே கட்டிப் போட்டர்லாம்னு இருக்கேன்" என்றார் மகேஸ்வரி.

"சோத்துக்கு நானாச்சுங்க" என்றார் சேகர், மரவள்ளியைச் சீவிக்கொண்டே. இருவரும் சிரித்தார்கள். மகேஸ்வரி சிரித்தபடியே பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "லைன் வந்திருச்சில்லீங்க? அப்பறம் என்ன, கம்ப்ளெய்ண்ட்ட க்ளோஸ் பண்ணிட்டு எறங்குங்க. ஒரே ஊட்டுக்கு எத்தன தடவதான் மலையேறுவீங்க?"

நான் இறங்கவில்லை.

2. காற்று

கேபிளைக் கழற்றி பவர் மீட்டரில் மாட்டினேன். ஃபைபரில் வரும் வெளிச்சத்தை மைனஸ் எண்ணில் சொல்லும் கருவி அது. மைனஸ் இருபதை ஒட்டி இருந்தால் நல்ல லைன். இருபத்தெட்டைத் தாண்டினால் பெட்டிக்கு வெளிச்சம் போதாது, சிவப்பு லைட் வந்துவிடும். மீட்டர் இருபத்தைந்து காட்டியது. லைன் ஓடும், ஆனால் நல்ல லைன் அல்ல. வெளியே காற்று எழுந்தது. எண் இருபத்தேழுக்குப் போய், முப்பதைத் தொட்டது. காற்று நின்றதும் இருபத்தைந்துக்கே திரும்பியது.

ஓ.டி.டி.ஆர். கருவியை மாட்டினேன். அது லைனுக்குள் வெளிச்சத்தை அனுப்பி, பழுது எத்தனை மீட்டரில் என்று கோடாக வரைந்து காட்டும். கேபிள் அறுந்திருந்தால் கோடு செங்குத்தாக விழுந்து அதோடு முடியும். இங்கே ஒரு படி இறங்கி, அதன்பின்னும் தொடர்ந்து போயிற்று. எங்கோ கேபிள் அறுபடாமல் நெரிபடுகிறது.

அந்தப் பாதையில் கம்பங்கள் கிடையாது. திட்டத்தில் கம்பம் உண்டு. மலைக்கு வந்து சேரவில்லை. தற்காலிகமாக என்று சொல்லி சில்வர் ஓக் மரங்களில் கட்டினோம். அந்தத் தற்காலிகம் இன்றும் தொடர்கிறது. கருவி காட்டிய தூரத்தை மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அது மகேஸ்வரியின் சித்தப்பா பழனிசாமியின் தோட்டத்தில் போய் நின்றது.

3. முடிச்சு

சில்வர் ஓக் மரத்தில்தான் இங்கே மிளகுக்கொடி ஏற்றுவார்கள். மழைக்கு முன்னால் மரத்தின் கிளைகளைக் கழித்து, கொடிக்கு வெயில் விடுவார்கள். தொங்கும் கொடியை மரத்தோடு சேர்த்து நாரால் இறுக்குவார்கள். பழனிசாமியும் அதைத்தான் செய்திருந்தார். கிளை கழிக்கும்போது அரிவாள் பட்டுவிடக் கூடாதென்று எங்கள் கேபிளை அவிழ்த்து, ஒரு கவட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொடியோடு கொடியாக நாரால் கட்டியிருந்தார். கச்சிதமான கட்டு. மரம் ஆடும்போதெல்லாம் அது கேபிளை நெரித்தது.

"இது நீங்க கட்டுனதுங்களா?"

"ஆமாங்க. நம்ம புள்ள பொழப்பு இதுலதான ஓடுது. அருவா கிருவா பட்டுருச்சுன்னா? அதான் பத்தரமா கட்டி உட்டேன்."

உள்ளே இருப்பது முடி கனத்தில் கண்ணாடி இழை, ஒடித்து வளைத்தால் வெளிச்சம் பக்கவாட்டில் கசிந்துவிடும் என்று சொன்னேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அந்த நார் முடிச்சையே பார்த்தபடி நின்றார்.

"அறுக்காதீங்கன்னுதானுங்க சொன்னாங்க. நான் அறுக்கலியேங்க."

உண்மை. கேபிள் கட்டிய அன்று நாங்கள் சொன்னது அது ஒன்றுதான்.

நாரை அறுத்து, கேபிளை அகலமான வளைவில் தளர்த்திக் கட்டினேன். மகேஸ்வரி வீட்டுக்கு வந்து பார்த்தபோது மீட்டர் இருபத்தொன்று காட்டியது. காற்று அடித்தபோதும் எண் அசையவில்லை. மகேஸ்வரி கையில் போனோடு நின்றுகொண்டிருந்தார். சென்னையிலிருந்து பேசிவிட்டார்கள்.

"திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்கண்ணா. சரி பண்ணியாச்சுன்னு சொன்னேன். போன தடவையும் அதையேதான சொன்னீங்கங்கறாங்க."

எனக்குப் பின்னால் பழனிசாமி வந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவரே சொல்லிவிட்டார். "கட்டுனது நாந்தான் சாமி."

மகேஸ்வரி போனை மேசைமேல் வைத்தார். "உடுங்க சித்தப்பா. காத்த நீங்களா அடிக்கச் சொன்னீங்க?" என்றார். அதற்குப் பிறகு நான் கிளம்பும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

4. பச்சை லைட்

அடுத்த வருஷ மழை முடிந்த பிறகு வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். பெட்டியில் பச்சை எரிந்தது. சாயங்காலம் சேகர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனில் சென்னையில் இருக்கும் மகேஸ்வரியைக் காட்டினார். படம் ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அவ்வளவு சுத்தமான லைன். பழனிசாமி அந்த மரங்களில் அதன்பின் அரிவாள் வைக்கவில்லை என்று சேகர் சொன்னார். கிளைகள் அடர்ந்துவிட்டன. நிழலில் மிளகு சரியாகக் காய்க்கவில்லை.

ஓய்வுபெறும் முன் ஒரு கூட்டத்துக்குப் போனேன். ஃபைபரின் எதிர்காலம் பற்றி ஒரு பொறியாளர் பேசினார். இழை பல பத்தாண்டு தாங்கும், இரு முனையிலும் கருவியை மட்டும் மாற்றினால் வேகம் கூடிக்கொண்டே போகும் என்றார். அவர் சொன்னது சரி. மலைக்குக் கம்பம் எப்போது என்று கேட்டேன். அடுத்த கட்டத்தில் என்றார். சில வீடுகளுக்காகக் கம்பம் நடுவதைவிட டவரோ சாட்டிலைட்டோ மேல் என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

கம்பம் வரும்வரை கேபிள் மரத்தில்தான் இருக்கும். அதனால் மரத்துக்காரரிடம் 'அறுக்காதீர்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்காதீர்கள். ஒரு துண்டு கேபிளை லைனுக்கும் மீட்டருக்கும் நடுவே மாட்டி அவர் கையில் கொடுங்கள். அவரையே வளைக்கச் சொல்லி, மீட்டரில் எண் மாறுவதைக் காட்டுங்கள். ஒரு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும். பழனிசாமியிடம் அந்த நேரத்தை யாரும் செலவிடவில்லை.