கண்ணை மூடும் மீன்

பழைய பிஸ்கட் டின்னில் அப்பியிருந்த ஆற்றுச் சேற்றின் வாடை எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீட்டின் பின்பக்கம் இரண்டு நாளாக வீசிக்கொண்டிருந்தது. "இந்தக் கருமத்த எங்கயாச்சும் கொண்டுபோயி கொட்டு" என்று அம்மா திட்டினாலும் நான் அதை விட்டு நகரவில்லை. உள்ளே இருந்தது "முழியன்". மலாய்க்காரர்கள் "பெலாச்சாக்" என்பார்கள். பாசிர் பெனம்பாங் கரையில் நீர் வற்றும்போது சேற்றின்மேல் தத்தித் திரியும் விரல் நீள மீன். உச்சந்தலையில் இரண்டு முட்டைக் கண்கள். கருவாடு வாங்கப் போன அப்பா தலைத்துண்டை வீசி ஒன்றைப் பிடித்து வந்திருந்தார்.

"எந்த மீனும் கண்ண மூடாது பாப்பா. இவன் மூடுவான், பாத்துக்கிட்டே இரு" என்றார். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் என்னை முறைத்தானே தவிர ஒரு தடவைகூட மூடவில்லை. நான் இமைத்த நேரம் பார்த்து மூடினானோ என்னவோ.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த நேரம் அது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போகிறவர்களை வேலி வாசலில் காவல்காரர்கள் தடவிப் பார்த்துத்தான் வெளியே விட்டார்கள். ஆனால் எங்கள் முனியாண்டி சாமி வேலிக்கு வெளியே, அப்பா வெட்டும் மரங்களுக்கு நடுவே இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு ஓர் உருண்டைச் சோறு படைக்காமல் அப்பா கத்தியைத் தொட மாட்டார். "சட்டமெல்லாம் மனுசனுக்குத்தான், சாமிக்கு ஏது?" என்பது அவர் நியாயம்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தலைத்துண்டை மறந்துவிட்டுப் போக, அதை எடுத்துக்கொண்டு ஓடிய நான் வேலி வாசலருகே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன். அப்பாவின் சட்டையைக் கழற்றி மண்டிபோட வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒளித்திருந்த இலைப் பொட்டலம் பிரிந்து தரையில் கிடந்தது.

"சாமி சோறுங்கய்யா."

காவல்காரரும் தமிழர்தான். "காட்டுல இருக்குற சாமிக்குத் துப்பாக்கி கூட இருக்குமே லா! நீயே தின்னு."

படைக்கும் முன் சாமி சோற்றில் வாய் வைக்கக் கூடாதென்று எனக்கே தெரியும். அத்தனை பேர் முன்னால் அப்பா அதை மண்ணோடு அள்ளித் தின்றார். யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்குக் குனியத் தெரியவில்லை. கடைசிப் பருக்கை வரை பார்த்தேன். அவமானப்பட்டது அப்பா, உடம்பெல்லாம் கூசியது எனக்கு. வீட்டுக்கு ஓடிவந்து துண்டைப் பழைய ஆணியிலேயே மாட்டினேன்.

மத்தியானம் வந்த அப்பா துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காலையில வாசப்பக்கம் வந்தியா பாப்பா?"

"இல்லப்பா. ஊட்லதான், முழியன பாத்துக்கிட்டு இருந்தேன்."

துண்டை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "கண்ண மூடுனானா?"

"மூடுனாம்ப்பா."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பொய் பலித்த தெம்பில் டின்னைத் திறந்தேன். வெறும் சேறு. "விடியறதுக்கு மின்னயே செத்துக் கெடந்துச்சுடி. நீ அழுவேன்னு வேலைக்குப் போறப்ப அப்பாதான் எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அப்பா பல வருஷம் இருந்தார். அந்தக் காலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் வேலிக் கதையை எடுத்தால் அவர் வெற்றிலைப் பெட்டியைத் தேடுவார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

கண் முதலில் தண்ணீரில்தான் உண்டானதாம். கழுவிவிடத் தண்ணீரே இருந்ததால் பெரும்பாலான மீன்களுக்கு இமை தேவைப்படவில்லையாம். கரையேறிய உயிர்கள்தாம் கண்ணை மூடிக்கொள்ளப் பழகின என்று பிற்காலத்தில் படித்தபோது, எனக்கு அன்று மறைந்து நின்ற தண்ணீர்த் தொட்டிதான் நினைவுக்கு வந்தது.

வேலி இன்று இல்லை. பால்மரங்கள் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. முனியாண்டிக்குச் சிமென்ட்டில் கோயிலே கட்டிவிட்டார்கள். போன மாதம் பேத்தி என்னைக் கோலசிலாங்கூர் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போனாள். பலகைப் பாதைக்குக் கீழே சேற்றில் ஒரு முழியன். குனிந்து பார்த்தேன். இரண்டு கண்களையும் தலைக்குள் இழுத்து, நனைத்து, மறுபடி வெளியே விட்டான். வாழ்நாளில் அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"மூடுனாம்ப்பா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பேத்தி என்ன பாட்டி என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.